சாக்கு

பாடாங் செராய்க்கு வெளியே
மின்கம்பி போகும் ஒதுக்கு நிலத்தில்
நாலு வரிசை பாசிப்பயறு.
வரிசைக்கு இருபது செடி, எண்ணித்தான் வைத்தேன்.
நாளைக்கு இருபது மூட்டை உரத்தைச்
செம்பனைக்கு இறைக்கிற கை இது,
எண்ணாமல் எதையும் தொடாது.

முதல் வரிசைக்கு ஒன்றுமில்லை.
மழை, வெயில், போகவர என் நிழல்.
இரண்டாவதற்கு யூரியா,
ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள்,
ஒரு கை, மறுவாரம் இன்னொரு கை.
மூன்றாவதற்குப் பாறை பாஸ்பேட்.
காலிச் சாக்கைத் தலைகீழாய்ப் பிடித்து
மூலையைத் தட்டினால் உதிரும் பழுப்புத் தூள்.
நாலாவதற்கும் அதே தூள்தான்,
ஆனால் விதைக்கு மூன்று வாரம் முந்தியே சுண்ணாம்பு.
ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த மண் சோதனைத் தாளில்
நாலு புள்ளி மூன்று என்று போட்டிருந்தது.
"புளிப்பு மண்ணுக்கா" என்றான் லோரி ஓட்டும் ரொஃபிக்,
அவன் ஊரில் அவனும் பயறு விதைத்தவன்.

இருபத்தைந்தாம் நாள்
யூரியா வரிசை கல்யாண வீடு.
என் உள்ளங்கை அகலத்துக்கு இலை.
மார்க்கெட்டுக்குப் போன லெச்சுமிகாந்தி
மோட்டாரை நிறுத்திப் பெருமூச்சு விட்டுப் போனாள்.
மூன்றும் நான்கும்
புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகள் மாதிரி
ஒட்டி நின்றன.

வரிசைக்கு ஒரு செடியைப் பிடுங்கி
வேரைப் பேசினில் அலசினேன்.
மூன்றிலும் நான்கிலும் முடிச்சு முடிச்சாய்,
கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.
நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு,
பல் முளைக்காத பிள்ளையின் ஈறு.
காற்றை எடுத்துச் சமைக்கிற அடுப்பு அது.
யூரியாக்காரியின் வேர் வழவழவென்று கிடந்தது.
கேட்காமலே தட்டில் விழுந்தால்
அடுப்பை யார் மூட்டுவார்?
குறை சொல்ல மனசு வரவில்லை.
ஒரு மாதம் அப்படி இருந்து பார்க்க
எனக்கும் ஆசைதான்.

அறுபத்தைந்தாம் நாள் வந்தான் மண்டோர் குணாளன்.
ஸ்டோரில் மூட்டைக் கணக்கு இடிக்கிறதாம்.
கண் நேரே இரண்டாம் வரிசைக்குப் போனது.
"நளாயினி, இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?
சாக்குச் சொல்லாதே."

சாக்கைத்தான் சொன்னேன்.
சாக்கின் மூலையில் ஒட்டியது,
தையல் மடிப்பில் தங்கியது,
மழையில் கட்டிதட்டிப் போனதென்று
நீயே வாய்க்காலில் எறியச் சொன்னது.
நம்பவில்லை.
விலக்கிப் பார் என்றேன்.
விலக்கினான்.
இலைக்குள் இலை, அதற்குள்ளும் இலை,
செடிக்கு ஐந்தாறு காய், அதிலும் இரண்டு சப்பை.
"திருடியிருந்தால் இதுக்கா திருடுவேன்?"
சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கழற்றி
நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.
திரும்பிப் போகும்போது
நாலாம் வரிசையின் கறுத்த காய்கள்
அவன் பூட்ஸில் உரசிச் சலசலத்தன.
கைப்பேசியில் பேசிக்கொண்டே போனான்.
நான் ஏன் கூப்பிடப் போகிறேன்.

ஆ செங் கடைத் தராசில் நாலு பை.
வரிசைக்குப் பத்தொன்பது செடியின் மணி.
ஒன்று: தொண்ணூறு கிராம்.
இரண்டு: எழுபத்தைந்து.
மூன்று: இருநூற்றுப் பத்து.
நான்கு: இருநூற்று அறுபது.
இன்னொரு தடவை போடச் சொன்னேன்.
தவுக்கே முறைத்தான், போட்டான், அதே கணக்கு.
என் சம்பளச் சீட்டு
ஒரு மாதமும் இப்படி ஒத்து வந்ததில்லை.

யூரியாப் பயறை அன்றிரவே அவித்துத் தின்றோம்.
ருசியில் ஒரு குறையும் இல்லை.
மூன்றிலும் நான்கிலும் பாதியை
அடுத்த விதைக்கு மைலோ டின்னில் போட்டு மூடினேன்.
முதல் பை மட்டும்
இன்னும் அரிசி வாளி மேலேயே இருக்கிறது.
ஒரு பிடி கொடுக்காமல்
தொண்ணூறு கிராம் வாங்கியிருக்கிறேன்.
அடுப்பைப் பற்றவைக்கிறேன்,
பையைப் பார்க்கிறேன்,
வேறு எதையாவது சமைக்கிறேன்.