பதினொரு நிமிடம்

ஸ்டான்லி வீதி, மூன்றாம் மாடி.
மாத அறிக்கை செய்வது நான்.

டிலக்சனா: பதினொரு நிமிடம் மஞ்சள்.
விசைப்பலகை அசையவில்லை, மவுஸ் அசையவில்லை.
எதிர்க் கூரைத் தண்ணித் தாங்கியைப் பார்த்தபடி
அந்தப் பதினொன்றில்தான்
மூன்று நாளாய் எங்களைத் தின்ற பிழையைப் பிடித்தாள்.
ஒரேயொரு காற்புள்ளி,
இடம் மாறி நின்றிருக்கிறது.

றொஷாந்தன்: தொண்ணூற்றெட்டு வீதம் பச்சை.
மேசை விசிறியில் நூல் கட்டி மவுஸை ஆட்டுகிறான்,
எல்லாருக்கும் தெரியும்.
கரண்ட் போனால் மட்டும்
அவனும் மஞ்சள்.

ரொறொன்ரோவிலிருந்து கேள்வி:
அந்தப் பதினொரு நிமிடம் எங்கே?

‘யோசிச்சவ’ எண்டு எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.
‘கழிப்பறை’ இருந்தது.
அதில் சரி போட்டேன்.

டிலக்சனாவுக்கு
இன்னும் சொல்லவில்லை.