இரண்டு சின்ன எழுத்துகள்

சுங்கை தெங்கா. ஞாயிறு, காலை ஏழு.
பால் குடிக்குமுன் எடுத்துவிட வேண்டும்.
பால் கலந்தால் தாயின் கதையும்
குட்டியின் கதையோடு சேர்ந்துவிடும்.
கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியைத் தேய்த்தபடி
இருபதுவரை எண்ணுகிறேன்.
பதினொன்றில் போர் விமானமொன்று கூரையை உரசிப் போகிறது.
குட்டி குச்சியைக் கடித்துக்கொள்கிறது.
மறுபடி ஒன்றிலிருந்து.

தாய்க்குப் பெயர் காயா, ரொட்டியில் தடவும் அதே நிறம்.
குட்டிகளுக்குப் பெயர் வைப்பது என் வேலையில்லை.
வைத்துவிட்டேன்:
மைலோ, சம்பல், கச்சாங், புட்டு.
ஐந்தாவது பெண்குட்டிக்குக் காதோரத்தில் தொடங்கி
தொடைவரை ரோமம் நிற்காமல் வளர்ந்தது.
அவளுக்கு லாலாங்,
யாரும் வெட்டாத புல்லின் பெயர்.

பதினேழு நாளில் அறிக்கை வந்தது.
முதல் பக்கம் ரோமம்.
ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்றால் குட்டை,
சின்ன எழுத்து என்றால் நீளம்.
நம் எழுத்தில் பெரியது சின்னது இல்லை,
குறிலும் நெடிலும்தான்.
லாலாங்குக்கு இரண்டுமே சின்னது.
இரண்டு குறில் சேர்ந்து ஒரு நெடில்.
எந்த இலக்கண ஆசிரியரும் ஒப்பமாட்டார்.

காயாவும் தந்தை நாயும் பார்வைக்குக் குட்டை ரோமக்காரர்கள்.
இரண்டும் கேரியர்.
அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு
நான்கடுக்குச் சாப்பாட்டுக் கேரியர்தான் கண்ணில் வரும்.
தூக்கிப் போகிறவருக்கு
உள்ளே என்ன குழம்பென்று தெரியாது.
கையும் சுடாது.
திறப்பது வேறொரு வீட்டில்.

என் பணப்பையிலும் ஓர் அட்டை உண்டு.
திருமணப் பதிவுக்கு முந்திய மாதம்
நானும் செழியனும் ரத்தம் கொடுத்தோம்.
தலசீமியா. நான் கேரியர், அவன் இல்லை.
மருத்துவமனைக்குக் கீழே கோப்பிக்கடையில்
அந்த 'இல்லை'யை அவன் மூன்றுமுறை படித்தான்.
'ஆம்' என்று வந்திருந்தால்?
எட்டு வருடமாகக் கேட்கவில்லை.

இரண்டாம் பக்கம் முதுகுத்தண்டு.
அதிலும் லாலாங்குக்கு இரண்டு பிரதி.
'ஆபத்து உண்டு' என்கிறது தாள்,
'வரும்' என்று சொல்லவில்லை.
வந்தால் எட்டு வயதில், பத்தில்,
பின்னங்கால்கள்தான் முதலில் மறக்கும்.
வலிக்காதாம்.
நகத்தின் மேற்புறம் சிமெண்டில் தேயும்,
அந்தச் சத்தம் மட்டும்.

பெற்றோரை இணைக்குமுன் சோதித்தோமே என்றால், சோதித்தோம்.
ரோமத்துக்கு.
நீளரோமக் குட்டிக்கு இரட்டை விலை.
முதுகுத்தண்டுக்குத் தனிக் கட்டணம்.
"இப்போது வேண்டாம்" என்றார் திரு. சியா.
அந்தப் படிவத்தில்
ஒரு கட்டத்தில் மட்டும் டிக் போட்ட பேனா
என்னுடையது.

"மேடம் குவெக்குக்கு முதல் பக்கம் போதும்" என்றார்.
இரண்டையும் அனுப்பினேன்.
அவர் மழையோடு வந்தார், குடையை மடக்காமலே கேட்டார்:
"இவளைக் குட்டி போட வைக்கலாமா?"
கூடாது என்றேன்.
லாலாங் அவர் காலணிக் கயிற்றை
அவிழ்த்துக்கொண்டிருந்தாள், வெகு சிரத்தையாக.
மேடம் கச்சாங்கைத் தூக்கிக்கொண்டு போனார்.
குட்டை ரோமம், இரண்டு பக்கமும் சுத்தம், பாதி விலை.
நான் அவர்மேல் கோபப்பட முயன்றேன்,
கோபம் வந்து நிற்க இடமில்லை.

இனி காயாவுக்கு ஜோடி இல்லை.
திரு. சியா என்னோடு பேசுவதும் இல்லை,
தீவன மூட்டைக் கணக்கைத் தவிர.
லாலாங்கை நான் கொண்டுபோக முடியாது.
எங்கள் அடுக்குமாடிக்கு
அனுமதிக்கப்பட்ட நாய்களின் பட்டியலில்
கோர்கி இல்லை.
அவள் சிமெண்டில் ஓடுகிறாள்.
நான்கு கால், பதினெட்டு நகம், ஒழுங்கான தாளம்.
வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்,
ஏழு வருடம் முன்னதாகவே.

இரவு சுவா சூ காங்கில், மின்தூக்கிக்குள்,
என் சட்டைக் கையிலிருந்து
நீளமான ஒற்றை ரோமத்தை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தபடி செழியன் கேட்டான்,
"இது யாருடையது?"
பதினோராம் மாடி வரைக்கும் நேரமிருந்தது.
நான் வேறொன்று கேட்டேன்.