கழித்தல் குறி

பட்டேவியா. விடியற்காலை மூன்று மணி.
வெளியே ஃபாக்ஸ் ஆறு பாதி உறைந்து கிடக்கிறது.
உள்ளே, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டிக்குள்
வினாடிக்குப் பதினைந்து முறை
ஹைட்ரஜன் இளஞ்சிவப்பாய்க் கண்விழித்து மூடுகிறது.

அறுபது மில்லியாம்பியர் கேட்கிறார்கள்.
நாற்பத்தேழு தருகிறது.
பத்து நிமிடத்துக்கொரு தரம் பொறி தெறித்து
மின்னழுத்தம் குப்புற விழுகிறது.
பதிவேட்டில் "பொறி" என்று எழுதுகிறேன்.
அதன் கீழே மேற்படி.
மேற்படி.
மேற்படி.

சீசியம் அடுப்பை இரண்டு டிகிரி ஏற்று என்கிறார் வீசோரெக்,
தொலைபேசியில், தலையணைக்குள்ளிருந்து.

உள்ளங்கைச் சூட்டுக்கே உருகிவிடும் உலோகம் அது.
உள்ளங்கையில் வைத்தால் எரியும்.
மாலிப்டினத்தின் மேல் முக்கால் அடுக்கு படிந்தால் போதும்,
உலோகத்தின் கஞ்சத்தனம் தளர்ந்து
எலெக்ட்ரான்களைக் கொடுத்தனுப்பும்.
கூடினால் பொறி. குறைந்தால் வறட்சி.
அந்த முக்காலைக் காட்டும் மீட்டர்
இந்தக் கட்டடத்தில் இல்லை.

ஒரு புரோட்டான், அதற்குரிய ஓர் எலெக்ட்ரான்,
இடுப்பில் இன்னொன்று.
கூடுதலாய்ச் சுமப்பதற்குத்தான்
கழித்தல் குறி போட்டிருக்கிறார்கள்.
எனக்கு இதில் வியப்பில்லை.
தலையில் ஒரு புள்ளி கூட்டினால்
உயிர் போய்விடும் எழுத்தில்தான்
நான் என் பெயரை எழுதப் பழகினேன்.

அந்த இரண்டாவது, ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பது.
வாயு மிஞ்சினால் உதிரும்.
காந்தம் முரடானால் உதிரும்.
எல்லாம் தப்பிப் போனாலும்
முடியைவிட மெல்லிய ஒரு கரித்தாள் காத்திருக்கிறது,
இரண்டையும் உரித்துவிட்டு
புரோட்டானை மட்டும் வளையத்துக்குள் விட.
அதுவரை போனால் போதும்.
இறக்குவதற்கென்றே ஏற்றிய சுமை.

நான் அடுப்பைத் தொடவில்லை.
வாயு வால்வின் துடிப்பில் ஐந்து மைக்ரோ வினாடி குறைத்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
இயந்திரத்தில் காசு போட்டு உப்பு பிஸ்கட் எடுத்தேன்,
ஒன்று உடைந்திருந்தது.

நாலு இருபதுக்கு ஐம்பத்திரண்டு.
ஐந்துக்கு ஐம்பத்தெட்டு. பொறி இல்லை.

வீசோரெக் திரும்ப அழைத்தார்.
"ஏற்றினாயா?"
"இல்லை."
கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும்.
"சரி. இனி எதையும் தொடாதே."

பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு கோடு இழுத்தேன்.
சின்னக் கோடு, படுக்கையாக.
தூரத்திலிருந்து பார்த்தால்
அதுவும் அந்தக் குறிதான்.