கடைமடை வரைபடம்

திசையன்விளைப் பிரிவு அலுவலகம்,
இரும்பு பீரோவின் அடித்தட்டு.
கரையான் பாதி தின்ற துணி வரைபடம்.
ஐம்பத்தாறில் வரைந்தது.

வரைந்தவர் மையை மிச்சம் பிடிக்கவில்லை.
கடைசிக் குளத்தையும் தாண்டி
தேரி மணலுக்குள் ஒரு விரற்கடை
நீலத்தை ஓடவிட்டிருக்கிறார்.
ஓரத்தில் பென்சிலில்:
‘முதல் முறை கடைமடைக்கு.’

வரைந்தவர்கள் நினைத்த நாடா இது என்று
ஆண்டுக்கு ஆண்டு பட்டிமன்றம் வைக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது குழாய்கள்தான்.
வாழைத்தோப்புக்கு அடியில் ஒன்று,
கல்யாண மண்டபத்துக்கு ஒன்று,
கட்சிக்கொடி நட்ட மேடைக்குள் ஒன்று.
எல்லாருக்கும் ஒரு காரணம் உண்டு.
மண்டபத்துக்குத் தடையில்லாச் சான்று
என் கையெழுத்தில்.

குடியரசு தினம்.
கொடிக்குள் கட்டிய பூ விழாமல் சிக்க,
லஸ்கர் குச்சியால் தட்டினார்.
முகவுரையை நான்தான் வாசித்தேன்.
‘நமக்கு நாமே’ என்ற இடத்தில்
ஒருத்தி சிரித்தாள்.

மிட்டாயைப் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு
உள்ளே வந்தாள் பிரம்மசக்தி,
கடைக்குளத்தில் முக்கால் ஏக்கர்.
“அந்தப் படத்துல எங்க கொளம் இருக்கா?”
இருக்கு என்றேன்.
“அப்பம் அழிச்சிராதிய.
சீல் வச்சு ஒரு நகல் குடுங்க,
கோர்ட்டுக்கு வேணும்.”

ஜெராக்ஸில் நீலம் கறுப்பாய் விழுந்தது.
கால்வாய் எது, கரை எது?
கேட்டாள்.
நீலப் பேனாவால் மேலே வரைந்துகொண்டே போனேன்.
மண்டபம் இருக்கும் வளைவில்
கை நின்றது.
அவள் பேனாவையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.