இரண்டரைக் கிலோ

கடைக்காரன் சொன்ன விலை
மூன்று கல்யாணத்துக்கான என் கூலி.
பாட்டரியை அவன் மேசையிலேயே வைத்துவிட்டு
மூர்மனிடம் போனேன்.

ருஸ்தாவியின் உருக்காலை மூடி இரண்டு வருடம்.
மூர்மன் இன்னும் அதன் மின்பணியாளன்,
சம்பளம்தான் இல்லை.
தீ எச்சரிக்கை மணியின் அடியிலிருந்து
செங்கல் கனத்தில் ஒன்றைக் கழற்றினான்.
பன்னிரண்டு வோல்ட், இரண்டரைக் கிலோ.
"இங்கே எரிய இனி என்ன இருக்கிறது?"

ஜிகுலி காரின் சிகரெட் லைட்டர் துளை,
இஸ்திரிப்பெட்டியின் வயர்,
விஷவாயு முகமூடி இருந்த ராணுவப் பை.
செலவு, அரை மூட்டை வால்நட்.
ஃபியூஸ் வேண்டாம், சீக்கிரம் முடி என்றேன்.
"தொங்கப்போவது உன் இடுப்பில்" என்று
பொருத்திவிட்டுத்தான் நிமிர்ந்தான்.
மின்சாரம் எட்டிப்பார்த்த போதெல்லாம்
நோயாளிக்குக் கஞ்சி போல
மூன்று நாள் ஊட்டினோம்.

சனிக்கிழமை எத்தேரியின் கல்யாணம்.
விருந்துத் தலைவர் கோச்சா எழுந்தார்.
சமாதானத்துக்கு ஒரு கோப்பை,
பெற்றோருக்கு, இறந்தவர்களுக்கு,
இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கு,
ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரப் பேச்சு.
என் பழைய பாட்டரி
பெற்றோரிலேயே செத்திருக்கும்.
இது இறந்தவர்களைத் தாண்டி ஓடியது.

ஏழாவது கோப்பையில் ஊரே அணைந்தது.

ஏதோ உடைந்தது. ஒரு குழந்தை சிரித்தது.
தடவித்தடவி வந்தான் மூர்மன்,
கையில் கார் பல்பு, வயர், லைட்டர் துளைக்கான சொருகி.
கல்யாணத்துக்கு எதற்கு அதைக் கொண்டுவந்தாய் என்று
நான் கேட்கவில்லை.
துளை ஒன்றுதான்.

கூலி பேசியது படத்துக்கு.
எத்தேரியின் அம்மா என் பக்கம் திரும்பியது
பட்டு உடையின் சரசரப்பில் தெரிந்தது.
கேமராவின் வாலை உருவினேன்.

ரொட்டிக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் பை.
மேளம் மறுபடி எடுத்தது.
சின்ன வெளிச்சம்,
ஆடியவர்களின் நிழல் மட்டும் கூரை வரை.
எத்தேரி செருப்பைக் கழற்றி
யார் தட்டிலோ வைத்துவிட்டு ஆடினாள்.

டேப்பில் அது இல்லை.
கோச்சாவின் கோப்பை வாய்க்குப் போகிறது,
அடுத்த நொடி விடிந்திருக்கிறது,
மிச்சச் சொட்டில் நாலு நிமிடம்
கவிழ்த்து வைத்த நாற்காலிகள்.

காட்சி விட்டுப்போயிற்றென்று
கால்வாசிக் கூலியைப் பிடித்துக்கொண்டாள் எத்தேரியின் அம்மா.
புதன்கிழமை ஆள் அனுப்பினாள்,
அந்தப் பையைக் கொஞ்சம் தரமுடியுமா,
கேமரா வேண்டாம்,
பல்போடு.