இடது மிதவை

ஆரின் விட்டுப் போனவற்றில் இதுவும் ஒன்று.
கொட்டகைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய்க்கு அடியில்
இரண்டு அலுமினியக் குழாய், மேலே ஒரு மேடை,
வால்பக்கம்
இருபத்தைந்து குதிரையும் செத்துப்போன எஞ்சின்.
விவாகரத்துத் தாளில் லாரி இருந்தது, நாய் இருந்தது,
பனி தள்ளும் இயந்திரம்கூட இருந்தது.
படகை யாரும் எழுதவில்லை.

பிக்கெரல் ஏரியில் பனி உடைந்த வாரம்
தார்ப்பாயை உருவினேன்.
விரிப்பைக் கீறி இழுத்தால் அடியில் பிளைவுட்
காபியில் நனைத்த ரஸ்க் போலக் கையோடு வந்தது.
இருக்கைக்குள் ஓர் எலிக் குடும்பம்.
அதற்கும் நோட்டீஸ் கொடுத்தேன்.
நாற்பத்து மூன்று போல்ட்.
எண்ணிக்கை தெரியும், ஒவ்வொன்றையும்
கிரைண்டரால் அறுத்தவள் நான்.

பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்,
பத்தொன்பது வருஷம்.
ஊருக்கே தெரிந்த இது
படகில் ஏறியதும் ஆரினுக்கு மறந்துவிடும்.
படகு எப்போதும் இடப்பக்கம் சாயும்,
இடப்பக்கமே இழுக்கும்.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கத்துவான்,
அவன் அண்ணன் முன்னால், அண்ணன் மனைவி முன்னால்,
பியர்ப் பெட்டி முன்னால்:
"மார்லிஸ், அந்தப் பக்கம் போ. உன் கனம்தான்."
போவேன்.
சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.
பதினோரு கோடை.
அதில் ஒரு கோடை முழுக்க
மதியத்துக்கு அரை சாண்ட்விச்.

மே மாதம், மூன்றாம் சனி.
ஜாக்கியில் தூக்கி நிறுத்தி
மிதவைகளை விரல் முட்டியால் தட்டினேன்,
தர்பூசணி வாங்குகிறவள் மாதிரி.
வலது, கணீர்.
இடது, மொத்து.

வடிகால் வைக்காத பழைய வார்ப்பு.
அடிவயிற்றில் துளை போட்டேன்.
வந்தது பார், தேயிலை நிறத்தில்,
பழைய காசு வாசனையோடு,
எத்தனை குளிர்காலம் உள்ளேயே உறைந்து
உள்ளேயே உருகிய ஏரியோ.
வாளி வைத்தேன். நிறைந்தது. இன்னொன்று.
ஐந்து காலன் வாளி
நாற்பது பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்.
ஏழாவதில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
பதினொன்றில் நின்றது.
சிமெண்டில் சாக்பீஸால் பெருக்கினேன்.
நானூற்று ஐம்பது சொச்சம்.
நான் நூற்றைம்பதைத் தாண்டியதில்லை.
மூன்று மார்லிஸ்
மூச்சுவிடாமல் கீழே உட்கார்ந்திருக்க
நாலாவது மார்லிஸை
எழுந்து போகச் சொல்லியிருக்கிறான்.

வெல்டர் சூ முவா வந்தான்.
மூன்று பவுண்டு காற்றேற்றி
சோப்புத் தண்ணீர் பூசினோம்.
மூக்கை ஒட்டிய தையலில்
ஒரே ஒரு குமிழி ஊதி ஊதி உடைந்தது.
கடுகளவு ஓட்டை.
"எத்தனை வருஷமா?" என்றான்.
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் முகமூடியை இறக்கிக்கொண்டான்.

புது மேடை, புது போல்ட், எல்லாம் ஸ்டெயின்லெஸ்.
எஞ்சின், மூடப்போகிற மீன்பிடி விடுதியொன்றில்
இருபது குதிரை, ஃபோர் ஸ்ட்ரோக்.
ஐந்து குதிரை குறைவுதான்.
இழுக்க வேண்டிய ஏரியும் குறைந்துவிட்டதே.
தண்டை அளந்த பிறகே பணத்தை எடுத்தேன்,
இருபது அங்குலம்.
குட்டைத் தண்டு வாங்கினால்
விசிறி காற்றைக் கடையும், சத்தம்தான் மிச்சம்.
சத்தத்தோடு வாழ்ந்தாயிற்று.

ஆரினுக்கு ஒரு படம் அனுப்பினேன்:
பதினோரு வாளி, வரிசையாக.
எழுத்து ஒன்றும் இல்லை.
மூன்று நாள் கழித்துப் பதில்:
"பழைய எஞ்சினை என்ன செய்தாய்?"

ஜூன் கடைசி, ஒரு புதன் மாலை.
துறையில் யாருமில்லை.
நடு ஏரியில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு
இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.
நேராகப் போனது.
எதிர்க்கரையின் பிர்ச் மரத்தைப் பார்த்து,
வேறெங்கும் வேலை இல்லாததுபோல.

எஞ்சினை அணைத்தேன்.
இடப்பக்கத்து இருக்கைக்குப் போய்
ஓரமாக, கடைசி ஓரமாக,
முழுக் கனத்தையும் போட்டு உட்கார்ந்து
குனிந்து நீர்மட்டத்தைப் பார்த்தேன்.
இறங்கியிருந்தது
ஒரு விரற்கடை.

சாண்ட்விச்சைப் பிரித்தேன்.
முழுசு.
இன்னொன்றும் கொண்டுவந்திருந்தேன்.