பதினேழாம் கட்டம்

டிசம்பர். ட்ரொண்ட்ஹைமில்
இரண்டரை மணிக்கே இருட்டிவிட்டது.
தூருன்னின் மேசைமேல்
உப்புப் பூத்த பலகை, அதில் நகத்தளவு சில்லு.
ஃப்ரோயா தீவின் சால்மன் கூண்டில்
ஆக்சிஜன் அளந்துகொண்டிருந்தது.
மூன்று இரவாக
சரியாக நாலு பத்துக்கு நின்றுபோகிறது.

அனுப்பிவைத்த யோரன்
தொலைபேசியில் சொன்னதில் பாதிதான் பிடிபட்டது.
இவள் தெற்கே, ஸ்தவாங்கர்க்காரி.
தீவுக்காரன் பேச்சு
சொல்லின் கடைசி உயிரை
மென்று விழுங்கிவிடும்.
"மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது"
என்பதை மட்டும்
இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிழைநீக்கியைத் திறந்தாள்.
பேர்தான் அப்படி.
பிழை எதையும் அது நீக்காது.
ஓடுவதை நிறுத்தி
உள்ளே இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான்.
யாரோ எழுதியது, யாரும் பிரித்துப் பார்க்கலாம்,
கிழிந்த இடத்தில்
கண்டவர் தைக்கலாம்.

அது சில்லிடம் கேட்டது:
உன் முப்பத்திரண்டு பதிவகமும் காட்டு.

சில்லு அந்த வம்சம்தான்.
கட்டளைகளும் அவையேதான்.
ஆனால் விலை குறைய, மின்கலம் தாங்க,
பதிவகத்தில் பாதியை
வார்க்கும்போதே விட்டுவிட்டார்கள்.
பதினாறோடு சரி.
அதனிடம் பதினேழைக் கேட்பது
போகாத ஊருக்கு வழி கேட்பது.

கேட்டதற்கு விடை வந்ததுதான் வினை.

பதினாறு வரை ஒழுங்கு.
பதினேழாம் கட்டத்தில் ஒரு பெரிய எண்.
அப்புறம் வெறும் கோடுகள்.
நிரல் இப்போது எங்கே நிற்கிறது
என்ற கட்டத்தில்: தெரியாது.

கௌத்தெ எட்டிப் பார்த்தான்.
"குப்பை. பலகையை மாத்து."

அவன் போனபின்
ஒரே ஒரு கட்டளை நகர்த்தினாள்.
பதினேழில் இரண்டு கூடியது.
இன்னொன்று. நான்கு கூடியது.
மறுபடி இரண்டு.

குப்பைக்கு
நடக்கத் தெரியாது.

இங்கே நிற்கிறேன், இங்கே நிற்கிறேன் என்று
முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
கேட்டவன் முப்பத்திரண்டு அறை கட்டிவைத்ததால்
அதன் முகவரி
இல்லாத அறையின் வாசலில் கிடந்தது.

நான் எழுதும் இந்த மொழியில்
இதற்கு இலக்கணம் உண்டு:
தோன்றல், திரிதல், கெடுதல்.
கெட்டது என்றால் அழுகியது இல்லை,
ஓர் எழுத்து விழுந்தது.
மரமும் வேரும் மரவேர் ஆனபின்
மகரமெய் எங்கே என்று
யாரும் வழக்குப் போடுவதில்லை.
தூருன்னுக்கு இது தெரியாது.
அவள் பதினொரு வரி எழுதினாள்.

நீ எந்தக் கிளை என்று முதலில் கேள்.
பிறகு எண்ணு.
பதில் இல்லையென்றால் ஊகிக்காதே,
தெரியவில்லை என்று சொல்லி நில்.

கடைசி நிபந்தனையை
மூன்று முறை அழித்து எழுதினாள்.
அப்படியும் புதன்கிழமை சோதனையில்
பழைய பெரிய சில்லு ஒன்று தடுக்கி விழுந்தது.
தசமக் கணக்குக்குத் தனிப் பதிவகம் வைத்திருந்த
செல்வந்தன்;
அவனுடைய அறைகளைத் தள்ளிப் போட்டிருந்தாள்.
காப்பி ஆறிப்போனது.
வியாழன் மாலை எல்லாம் பச்சை.

அதற்குப் பிறகு, தீவுச் சில்லின் பிழை
எட்டு நிமிடம்.
நாலு பத்துக்குக் கரையில்
வானொலிப் பெட்டி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது.
சில்லு ஒரு சுற்றுக்குள் நின்று
கரையின் "ஆகட்டும்" வருமென்று
காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.
காத்திருப்புக்கு எல்லை போட
ஒரு வரி.

யோரனை அழைத்தாள்.
காற்றிரைச்சலுக்கு நடுவே
நீளமாக ஏதோ சொன்னான்.
இவள் சரி சரி என்று வைத்தாள்.

"என்னவாம்?" என்றான் கௌத்தெ.

"எட்டு மீன் அனுப்புறானாம்.
இல்லாட்டி
எட்டாந்தேதி வர்றானாம்."